இருநூற்று நாற்பது மணி நேரம்

(நாட்டு நலப்பணித் திட்ட நாளையொட்டி, திட்ட அலுவலர்களும் மாணவர்களும் கூடியிருந்த அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



முதலில் ஒரு வேண்டுகோள். காலையில் இந்த நாற்காலிகளைப் போட்டவர்கள், பதாகை கட்டியவர்கள், வாசலில் பன்னீர் தெளித்தவர்கள் எல்லோரும் பின்னால் நிற்கிறீர்கள். முன்வரிசையில் நாற்காலிகள் காலியாக இருக்கின்றன. இனி விருந்தினர் யாரும் வரப்போவதில்லை. வந்து உட்காருங்கள். மாணவர் தொண்டைப் பாராட்டக் கூடிய கூட்டத்தில் தொண்டர்கள் நின்றுகொண்டிருப்பது பார்க்க நன்றாக இல்லை.

நல்லது. எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு ‘மாணவர் தொண்டை ஊக்குவித்தலும் அங்கீகரித்தலும்’. ஊக்குவிப்பு என்றதும் நமக்குக் கேடயம் ஞாபகம் வருகிறது. அங்கீகாரம் என்றதும் சான்றிதழ். இரண்டும் வேலை முடிந்தபின் வருபவை. வேலை தொடங்குவதற்கு முன் வரவேண்டியவை சில உண்டு: பஸ் காசு, காலைச் சாப்பாடு, வருகைப் பதிவில் ஓர் ‘ஓ.டி.’ (ஆன் டியூட்டி, அதாவது பணியில் இருந்ததாக ஒரு குறிப்பு), போகும் இடத்தில் பூட்டக்கூடிய கதவோடு ஒரு கழிப்பறை. இவற்றைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன். சொற்பொழிவுக்கு ஏற்ற பொருளா என்று கேட்டால், எனக்குத் தெரிந்தவரை மாணவர் தொண்டு நிற்பதும் விழுவதும் இவற்றில்தான்.

அதற்கு முன் கொஞ்சம் வரலாறு. நாட்டு நலப்பணித் திட்டம் பிறப்பதற்கு முன்பே ஒரு வழக்கு தொடங்கிவிட்டது; அது இன்னும் முடியவில்லை. மாணவர்களைத் தொண்டில் கட்டாயமாக இறக்குவதா, விரும்பி வருபவரை மட்டும் சேர்ப்பதா என்பதுதான் வழக்கு. 1948இல் ராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு, விருப்பத்தின் பேரில் இருக்கட்டும் என்றது. பத்தாண்டு கழித்து நேருவுக்கு வேறு எண்ணம். பட்டம் பெறுவதற்கு முன் சமூகப் பணி செய்திருக்க வேண்டும் என்று வைத்தால் என்ன என்று 1958இல் முதலமைச்சர்களுக்கு எழுதினார். அடுத்த ஆண்டு சி.டி. தேஷ்முக் தலைமையில் ஒரு குழு அமைந்தது. தேஷ்முக் அப்போது பல்கலைக்கழக மானியக் குழுவின் தலைவர். அதற்கு முன் நிதியமைச்சராக இருந்தவர். கல்லூரிக்குப் போக விரும்பும் ஒவ்வொருவரும் ஏறத்தாழ ஓராண்டு தேசப் பணி செய்தாக வேண்டும் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. செலவு கட்டுப்படியாகாது, நடத்துவதும் கடினம் என்று அது கைவிடப்பட்டது. நிதியமைச்சராக இருந்தவரின் யோசனை பணத்தில் போய் முட்டி நின்றது வேடிக்கைதான்.

பிற நாடுகளில் மாணவர்களின் பணி எப்படி நடக்கிறது என்று ஆராயும் பொறுப்பு பிறகு கே.ஜி. சையிதைனிடம் வந்தது. 1960இல், முதலில் விருப்பத்தின் பேரிலேயே தொடங்கலாம் என்று அவர் சொன்னார். 1964-66இல் கோத்தாரி கல்விக் குழு, கல்வியின் எல்லா நிலைகளிலும் ஏதேனும் ஒரு சமூகப் பணி இருக்க வேண்டும் என்றது. கடைசியில் காந்தி நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று, மத்திய கல்வி அமைச்சர் வி.கே.ஆர்.வி. ராவ் நாட்டு நலப்பணித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அன்று 37 பல்கலைக்கழகங்கள், 40,000 மாணவர்கள். இன்று சுமார் 40 லட்சம் பேர். நூறு மடங்கு. கணக்கு என்று பார்த்தால் பெருமைப்பட வேண்டிய வளர்ச்சி.

ஆனால் எதைக் கணக்கிடுகிறோம்? உங்களில் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு மனப்பாடமாகவே தெரியும். ஆண்டுக்கு 120 மணி, இரண்டு ஆண்டில் 240 மணி. ஆண்டுக்குரிய 120இல் அறிமுகப் பயிற்சிக்கு 20, கல்லூரி வளாகத்துக்குள் 30, மக்களிடையே 70. அதோடு ஏழு நாள் சிறப்பு முகாம். முடித்தால் சான்றிதழ். தாளில் இதைவிட ஒழுங்கான ஏற்பாடு இருக்க முடியாது. நடைமுறையில் என்ன ஆகிறது என்பது இங்குள்ள எல்லோருக்கும் தெரியும். வாரந்தோறும் கல்லூரி தத்தெடுத்த கிராமத்துக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொடுத்த மாணவிக்கு ஒரு சான்றிதழ். பிப்ரவரி மாதம் ஒரே மாலையில், மூன்று நிறப் பேனாவால், இரண்டு ஆண்டு நாட்குறிப்பையும் எழுதி முடித்த மாணவனுக்கும் அதே சான்றிதழ். இரண்டிலும் அதே வாசகம், அதே முத்திரை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், சட்டகம் போட்டிருப்பதில் மட்டும்தான் வேறுபாடு தெரியும்.

மாணவனைத் திட்டிப் பயனில்லை. மணி நேரம் கேட்டோம். அவன் மணி நேரம் கொடுத்தான். என்ன வேலை நடந்தது என்று நாம் கேட்கவே இல்லையே.

இப்போது பஸ் காசுக்கு வருகிறேன். இரண்டு ஷிஃப்ட் நடக்கும் கல்லூரியை எடுத்துக்கொள்வோம். காலை ஷிஃப்ட் மாணவன் மதியம் எங்கே போகிறான்? ஜவுளிக் கடைக்கு, மொபைல் கடைக்கு, டெலிவரிக்கு. முகூர்த்த நாளில் மண்டபத்தில் பந்தி பரிமாற. அந்தக் கூலியில் வீட்டு வாடகையில் ஒரு பங்கு இருக்கிறது. அவனை ஞாயிற்றுக்கிழமை தத்துக் கிராமத்துக்கு வா என்றால், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வா என்று பொருள். அதோடு சேர்த்து, அரசு தரும் இலவச பஸ் பாஸ் அவன் வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையேதான் செல்லும். கிராமத்துக்குப் போகும் வழியில் கண்டக்டரிடம் அதைக் காட்ட முடியாது. சட்டைப்பையிலிருந்துதான் எடுத்துக் கொடுக்க வேண்டும். பெண்கள் நிலை இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் தேவலை. 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் அவர்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் திரும்பி வரும் பெண் வீட்டில் என்ன பதில் சொல்வாள் என்பதைத் திட்ட அலுவலர் யோசித்துத்தான் ஆகவேண்டும்.

ஆக, வசதியுள்ள பிள்ளைகள் தொண்டு செய்கிறார்கள், இல்லாதவர்கள் செய்ய மாட்டேன் என்கிறார்கள் என்று தோன்றும். உண்மை அப்படியில்லை. தெருவில் தண்ணீர்க் குழாயடிச் சண்டையைத் தீர்த்துவைப்பதும், பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதிக் கொடுப்பதும், தம்பி தங்கையோடு சேர்த்துத் தெருப்பிள்ளைகள் நாலு பேருக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பதும் யார்? பெரும்பாலும் இந்தக் கடைக்குப் போகும் பிள்ளைகள்தான். அது எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. பல்கலைக்கழகம் தன் பெயரில் நடக்கும் தொண்டை மட்டுமே தொண்டு என்று நினைக்கிறது. தன் தெருவில் செய்கிற வேலையையும் மணிக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வழி வைத்தால், திட்டத்துக்குள் வரும் முகங்களே மாறிவிடும். சரிபார்ப்பது எப்படி என்று கேட்பீர்கள். அந்தப் பாட்டியைப் போய்ப் பார்த்து வரலாம். இப்போது நாட்குறிப்பைச் சரிபார்ப்பதைவிட அது எளிது.

திட்டத்துக்கு அரசு தந்த பணத்தையும் சொல்லிவிடுகிறேன். 2009க்குப் பிறகு பல ஆண்டுகள் நடைமுறையில் இருந்த கணக்கு இது: வழக்கமான பணிகளுக்கு ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு 250 ரூபாய், சிறப்பு முகாமுக்கு 450 ரூபாய். 250ஐ 120 மணியால் வகுத்துப் பாருங்கள். மணிக்கு இரண்டு ரூபாய் சொச்சம். முகாம் ஏழு நாள். நாளைக்கு ஏறத்தாழ 64 ரூபாய். அதில் மூன்று வேளைச் சாப்பாடு. அந்தச் சாப்பாடு நல்லபடியாக நடந்த முகாம்கள் உண்டு என்றால், ஊராட்சித் தலைவரோ, ஊர்ப் பெரியவரோ, திட்ட அலுவலரின் மனைவியோ கணவரோ அரிசி மூட்டை கொடுத்தார்கள் என்று அர்த்தம். இவர்கள் பெயர் எந்த அறிக்கையிலும் வராது. ஒரு பல்கலைக்கழகம் பட்டமளிப்பு விழாவின் பந்தலுக்குச் செலவழிப்பதில் ஒரு சிறு பங்கை இதற்கு ஒதுக்கினால் போதும் என்று நான் சொன்னால், இங்குள்ள நிதி அலுவலர் முகம் சுளிக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

பணம் கொடுத்தால் அது தொண்டாகுமா என்ற கேள்வி உடனே எழும். நம் மாநிலத்திலேயே இரண்டு விதமாகவும் நடந்திருக்கிறது. தொண்ணூறுகளில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தில் இரவில் விளக்கு வைத்துக்கொண்டு பாடம் நடத்திய தொண்டர்களுக்குச் சம்பளம் இல்லை. புதுக்கோட்டையில் பெண்கள் சைக்கிள் பழகியது உட்பட, அந்த இயக்கம் செய்தது என்ன என்பதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பிறகு, கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்ததை ஈடுகட்ட 2021இல் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’யில் தன்னார்வலர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை தரப்பட்டது. பணம் வாங்கியதால் அவர்கள் தன்னார்வலர் இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆயிரம் ரூபாய்க்காக யாரும் தினம் மாலை இருபது பிள்ளைகளைக் கட்டி மேய்க்க மாட்டார்கள். வீட்டில் ‘எதுக்குடி வெட்டி வேலை’ என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல அந்தப் பணம் உதவியது. என் கருத்து இதுதான்: மாணவரின் உழைப்புக்குக் கூலி வேண்டாம், அந்த உழைப்புக்காக அவர் கைக்காசு போகவும் வேண்டாம். போக்குவரத்து, சாப்பாடு, செல்போன் ரீசார்ஜ் மூன்றையும் கணக்கெழுதி வாங்கிக்கொள்ளும் உரிமை ஒவ்வொருவருக்கும் இருக்க வேண்டும். கேட்டு வாங்கும் கூச்சம் இல்லாதபடி, எல்லோருக்கும் கொடுத்துவிட வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றிப் பேசாமல் விட முடியாது. 2015 டிசம்பரில் சென்னையிலும் கடலூரிலும் வெள்ளம் வந்தபோது, மாணவர்கள் யாராவது சொல்லும் வரை காத்திருக்காமல் இறங்கினார்கள். பால் பாக்கெட், பிரெட், போர்வை சுமந்தார்கள். நாம் அதைப் பாராட்டி நிறையக் கட்டுரை எழுதினோம். வெள்ள நீரில் இறங்குபவர்களுக்கு எலிக்காய்ச்சல் வரும், அதற்குத் தடுப்பு மாத்திரை உண்டு, காலில் புண் இருந்தால் இறங்கக்கூடாது என்று அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு முன்கூட்டிச் சொல்லப்பட்டது? வீரம் என்று கைதட்டிவிட்டு, ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் வாங்கித் தராமல் இருப்பது என்ன மரியாதை?

ரத்த தானத்துக்கு வருகிறேன். நம் கல்லூரிகளில் அதிகம் நடக்கும் தொண்டு அதுவே. 18 வயது நிறைந்திருக்க வேண்டும், எடை 45 கிலோவுக்குக் குறையக்கூடாது, ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும். முகாமுக்கு இத்தனை யூனிட் என்று இலக்கு வைத்துக்கொண்டு, காலையில் சாப்பிடாமல் வந்த பையனை வரிசையில் நிறுத்துவது தொண்டு ஆகாது. மயங்கி விழுந்தவன் அடுத்த முறை வரமாட்டான், அவன் நண்பர்கள் பத்துப் பேரும் வரமாட்டார்கள். இன்னொன்று, இதைச் சற்று நிதானித்துச் சொல்ல விரும்புகிறேன். ஒவ்வொரு முகாமிலும் பெண்கள் பலர் வரிசையில் நின்று, விரலில் குத்திப் பார்த்தபின், ‘ரத்தம் பத்தாதும்மா, போ’ என்று திருப்பி அனுப்பப்படுகிறார்கள். கொடுக்க வந்த பெண் வாங்க வேண்டிய நிலையில் இருக்கிறாள். அவளுக்குச் சான்றிதழ் இல்லை, பழச்சாறு இல்லை, பிஸ்கட் இல்லை. அவள் பெயரை எழுதிக்கொண்டு, இரும்புச்சத்து மாத்திரைக்கு ஏற்பாடு செய்து, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கும் கல்லூரிதான் தன் தொண்டர்களை உண்மையிலேயே மதிக்கும் கல்லூரி. யூனிட் எண்ணிக்கை அறிக்கையில் இவள் எந்தக் கட்டத்திலும் வரமாட்டாள்.

அப்படிக் கட்டத்தில் வராத இன்னொரு கூட்டம், பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வு எழுதிக் கொடுப்பவர்கள். பருவத் தேர்வு நெருங்கும்போது வாட்ஸ்அப்பில் செய்தி பறக்கும்: ‘புதன் காலை வரலாற்றுத் தேர்வு, எழுத ஆள் வேண்டும்.’ தேர்வருக்கு மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு. ஆகவே மூன்று மணித் தேர்வு நான்கு மணி ஆகும். நான்கு மணி நேரம் இன்னொருவர் சொல்வதை அப்படியே எழுத வேண்டும். நமக்குத் தெரிந்த விடையைக் கூட்டிச் சேர்க்கக்கூடாது. அவர் தப்பாகச் சொன்னாலும் திருத்தக்கூடாது. கேட்டதை எழுதுவது எவ்வளவு கடினம் என்று பேராசிரியர்களான நமக்கே தெரியாது, நாம் சொல்லித்தான் பழக்கம். எழுதப் போகிறவர் அன்று தன் வகுப்பை விடுகிறார், வருகைப் பதிவில் ஆப்சென்ட். இதற்கு ஓர் ஓ.டி. வாங்கத் துறைத்தலைவரிடம் கெஞ்ச வேண்டியிருக்கிறது. விளையாட்டுப் போட்டிக்குப் போகும் மாணவனுக்கு யாரும் கேட்காமலே ஓ.டி. கிடைக்கிறது. ஏன் இந்த வேறுபாடு? அவன் கோப்பையோடு திரும்பி வருவான். இவர் மை படிந்த விரலோடு திரும்பி வருகிறார்.

எது தொண்டு என்பது ஒருபுறம் இருக்க, எது தொண்டு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். முக்கியஸ்தர் வருகிறார் என்று சாலையில் வரிசையாக நிற்பது தொண்டு இல்லை. அரங்கம் காலியாக இருக்கிறது என்று வகுப்பைக் கலைத்துக் கொண்டுவந்து உட்காரவைப்பது தொண்டு இல்லை. ஆள் வைத்துக் கூலி கொடுத்துச் செய்ய வேண்டிய துப்புரவை, மூன்று நாள் ‘தூய்மைப் பணி’ என்று பெயர் வைத்து மாணவர்களிடம் வாங்குவதும் இல்லை. இவற்றுக்கெல்லாம் மணி நேரம் போட்டுக் கொடுக்கிறோம். வளாகத்துக்கென்று இருக்கும் 30 மணி நேரத்தில் பாதி இப்படித்தான் போகிறது என்று பல மாணவர்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். திட்ட அலுவலர் ‘முடியாது’ என்று முதல்வரிடம் சொல்லும் தைரியம்தான், மாணவர்களுக்கு அவர் தரக்கூடிய மிகப் பெரிய ஆதரவு. அந்தத் தைரியம் வருவதற்குத் திட்ட அலுவலருக்குப் பாடவேளை குறைப்பு, பதவி உயர்வில் மதிப்பு என்று ஏதாவது இருக்க வேண்டும். நூறு மாணவர் கொண்ட அணியை, முழுப் பாடச் சுமையோடு, ஞாயிற்றுக்கிழமைகளையும் விட்டு நடத்துபவர் அவர். அவரையே அங்கீகரிக்காத நிறுவனம் மாணவரை எப்படி அங்கீகரிக்கும்?

கட்டாயமா விருப்பமா என்ற பழைய வழக்குக்குத் திரும்புகிறேன். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இளநிலைப் பட்டத்தில் ‘பகுதி 5’ என்று ஒன்று இருக்கிறது. விரிவாக்கப் பணி, ஒரு கிரெடிட். நாட்டு நலப்பணியோ, தேசிய மாணவர் படையோ, செஞ்சிலுவையோ, விளையாட்டோ ஏதாவது ஒன்றில் இருந்தாக வேண்டும். தேஷ்முக் தோற்ற வழக்கை, சத்தமில்லாமல், ஒரே ஒரு கிரெடிட்டில் நாம் ஜெயித்துக் கொடுத்துவிட்டோம். விளைவு? முதல் ஆண்டுச் சேர்க்கை முடிந்த வாரத்தில், எதில் வேலை குறைவு என்று விசாரித்துக்கொண்டு பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். நான் கிரெடிட்டுக்கு எதிரி இல்லை. காந்திகிராமப் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் கிராமத்தில் போய்த் தங்குவதைப் படிப்பின் ஒரு பகுதியாகவே வைத்தார்கள். அங்கே அது செல்லுபடியானதற்குக் காரணம், கிராமத்தில் பார்த்தது வகுப்பறைக்குத் திரும்பி வந்தது. பார்த்ததை ஆசிரியர் கேட்டார், விவாதித்தார். கிரெடிட் கொடுப்பதானால் அப்படிக் கொடுக்க வேண்டும். பொருளியல் மாணவி நூறு நாள் வேலைத் தளத்தில் பார்த்ததைப் பொருளியல் வகுப்பில் சொல்ல இடம் வேண்டும். அதுவரை பகுதி 5ஐ ஒப்புக்குப் போடும் மதிப்பெண் என்றே பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள்; அவர்கள் கணிப்பு சரிதான்.

விருதுகளைப் பற்றி நீட்டிப் பேச எனக்கு ஆர்வமில்லை. திட்டத்தின் வெள்ளி விழாவையொட்டி 1993-94இல் தேசிய விருதுகள் வந்தன. மாநில விருதும் பல்கலைக்கழக விருதும் இருக்கின்றன. நல்லது, இருக்கட்டும். நூறு பேரில் ஒருவருக்குக் கேடயம் கொடுத்தால், மீதி தொண்ணூற்றொன்பது பேர் கைதட்டுவார்கள், அவ்வளவுதான்.

சான்றிதழைத்தான் மாற்ற வேண்டும். இப்போதைய சான்றிதழில் ‘240 மணி நேரம் நிறைவு செய்துள்ளார்’ என்று இருக்கிறது. வேலைக்கு நேர்முகத் தேர்வில் உட்கார்ந்திருக்கும் மேலாளர் அதைப் பார்த்து என்ன தெரிந்துகொள்வார்? அதற்குப் பதிலாக நான் எழுதிப் பார்த்த ஒரு மாதிரியைப் படிக்கிறேன்: ‘இம்மாணவி ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்புக் குழந்தைகள் ஒன்பது பேருக்கு, இரண்டு கல்வியாண்டுகள், வாரம் இரு மாலை தமிழ் வாசிக்கக் கற்பித்தார். ஆறு பேர் இப்போது தடையின்றி வாசிக்கின்றனர். இருவர் பெற்றோருடன் வேலைக்கு வெளியூர் சென்றுவிட்டனர். ஒருவருக்குப் பார்வைக் குறைபாடு இருப்பதை இவர் கண்டறிந்து, கண் பரிசோதனைக்கு அழைத்துச் சென்றார்.’ நான்கே வரி. தோல்வியும் அதில் இருக்கிறது, அதனால்தான் நம்பும்படி இருக்கிறது. கீழே துணைவேந்தர் கையெழுத்துக்குப் பக்கத்தில் அந்தத் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியரின் கையெழுத்தும் இருக்கட்டும். நூறு மாணவருக்கு இப்படித் தனித்தனியாக எழுத நேரம் ஏது என்பீர்கள். மாணவரே எழுதட்டும், பயன் பெற்ற இடத்தில் உள்ளவர் படித்துப் பார்த்துத் திருத்தட்டும், நாம் முத்திரை வைப்போம்.

அடுத்த கல்விக்குழுக் கூட்டத்தில் வைப்பதற்கு இரண்டு பக்க வரைவு ஒன்றை எழுதி அவைத்தலைவரிடம் கொடுத்திருக்கிறேன். முதல் பத்தியில் பஸ் காசு, இரண்டாவதில் ஓ.டி., மூன்றாவதில் சான்றிதழ் வாசகம். இப்போது கேள்விகள். முன்வரிசைக்கு வந்து உட்கார்ந்த மாணவர்கள் முதலில் கேட்கட்டும்; பேராசிரியர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.